ஷேக் ஹத்துவும் சிறைப்பட்ட கழுதைகளும்

எங்கள் ஊரான தசூகத்தில் சமையல் எரிவாயு தீர்ந்துபோனால் வாசலில் நின்று "ஹத்து!" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். கொஞ்ச நேரத்தில் சந்து முனையில் ஒரு கழுதையும், அதன் இரண்டு பக்கமும் தொங்கும் சிலிண்டர்களும், கூடவே ஹத்துவும் தெரிவார்கள். மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிற ஊர். லாரி பாலத்தடியில் நின்றுவிடும். அதற்கு மேல் நாங்கள் சூடாகச் சாப்பிடுவது அந்தக் கழுதையின் தயவில்.

ஹத்துவுக்கு இறைவன் கொடுத்த முகம் பெரிய முகம். அட்லஸ் மலையில் ஒரு பாளத்தைப் பெயர்த்து, மூக்குக்கு மட்டும் கொஞ்சம் செதுக்கி, மற்றதை அப்படியே விட்டுவிட்ட மாதிரி இருக்கும். புருவங்கள் இரண்டும் தனித்தனியாக வரி கட்டலாம், அவ்வளவு அடர்த்தி. ஆனால் குரல் வழங்குகிற வரிசையில் அவர் கடைசியில் நின்றிருக்க வேண்டும். தேநீர்க் கெண்டி கொதிக்கும்போது மூக்கிலிருந்து ஒரு சீழ்க்கை வருமே, அதுதான் மிச்சம் இருந்தது போல. சுபாவமும் குரலுக்கு ஏற்றபடி. சில்லறை குறைந்தால் கேட்க மாட்டார். திட்டினால் தலையாட்டுவார். திட்டாவிட்டாலும் ஆட்டுவார்.

அந்த முகத்தை முதலில் கண்டுபிடித்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். வர்ஸாஸாத் நகரத்தில் படம் எடுக்க வருபவர்கள் ஆள் போதாவிட்டால் எங்கள் ஊருக்கும் லாரி அனுப்புவார்கள். ஏறினால் அன்றைக்கு ஒரு கூலி, ஒரு சாப்பாடு, ஒரு சாவு. ஹத்து ரோமானியனாகச் செத்திருக்கிறார். ரோமானியர்கள் கையாலும் செத்திருக்கிறார். ஒரே படத்தில் இரண்டும் நடந்ததாகவும் சொல்வார்கள். எல்லாவற்றையும் வாய் திறக்காமலே செய்துமுடித்தார்.

பிறகு, போன ரமலானுக்கு முந்திய குளிர்காலத்தில், கஸாபிளாங்காவிலிருந்து ஒரு தொலைக்காட்சி இயக்குநர் அம்மா வந்தார். 'கல்வாசல்' என்று ஒரு தொடர். மலைக்கோட்டை ஒன்றில் ஒரு பெருங்குடும்பம். அதன் தலைவர் ஷேக் இதிர். கீழே நகரத்தில் அப்பன் செத்துப் பதவிக்கு வந்த ஒரு இளம் பாஷா. முளைத்து மூன்று இலை விடாத பயல், கையில் சவுக்கு. அந்த அம்மா லாரியிலிருந்து இறங்கிய ஹத்துவைப் பார்த்தார். சந்தையில் காளையைச் சுற்றி வருகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினார். "ஒரு வார்த்தை பேசுங்க" என்றார்.

ஹத்து பேசினார்.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். திறந்து, "முகம் போதும். குரலை நான் வேற கடையில வாங்கிக்கிறேன்" என்றார்.

வாங்கினார். ரபாத் பக்கம் யாரோ ஒரு பழைய வானொலிக்காரர். காலிக் கிணற்றுக்குள் பீப்பாய் உருட்டின மாதிரி குரல். அதை ஹத்துவின் உதட்டில் ஒட்டி, ரமலான் முழுக்க, நோன்பு திறந்து ஹரீரா சூப் கிண்ணத்தை வழித்து முடிக்கிற நேரத்தில், நாடு முழுவதற்கும் காட்டினார்கள்.

அந்தக் காட்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாஷா கோட்டைக்குள் குதிரையோடு நுழைகிறான். ஷேக் இதிர் பாயில் உட்கார்ந்து பார்லி ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "எழுந்திருடா கிழவா, வந்திருக்கிறது யார் தெரியுமா?" என்று பாஷா கத்துகிறான். ஷேக் மெல்லுகிறார். பாஷா மறுபடி கத்துகிறான். ஷேக் மெல்லுகிறார். சவுக்கு காற்றில் சொடுக்குகிறது. ஷேக் அவனையே பார்த்துக்கொண்டு மெல்லுகிறார். எங்கள் காபிக்கடையில் ஒரு கரண்டி சத்தம் இல்லை. கடைசியில் விழுங்கிவிட்டு, அந்தக் கிணற்றுக் குரலில், "தம்பி, பாயில கால் வைக்கிறதுக்கு முன்னாடி செருப்பக் கழட்டு" என்கிறார். அவ்வளவுதான். அந்தப் பயல் என்ன நடக்கிறது என்று தனக்கே தெரியாமல் பூட்ஸைக் கழற்றக் குனிகிறான். பாதி குனிந்தபிறகுதான் தான் யார் முன்னால் குனிந்திருக்கிறோம் என்பது அவன் முகத்தில் ஏறுகிறது. காபிக்கடையில் ஒரு கிழவர் "அல்லாஹு அக்பர்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

ரொட்டி பழைய ரொட்டி, பொய்ப்பல்லில் ஒட்டிக்கொண்டது, அதனால்தான் அவ்வளவு நேரம் மென்றேன் என்று ஹத்துவே எங்களிடம் சொன்னார். நாங்கள் நம்பவில்லை. எங்களுக்கு நம்ப விருப்பமில்லை.

இங்கேதான் எனக்கு இன்னமும் பிடிபடாத ஒன்று இருக்கிறது. தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்கள் பயந்தால் சரி. நாங்கள் அவரைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர்கள். அந்தக் குரல் அவருடையது இல்லை என்பது எங்கள் ஊர்ப் பூனைக்கும் தெரியும். ஆனால் மறுநாள் காலை அவர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தபோது நான் எழுந்து நின்றேன். செருப்பையும் கழற்றினேன், என் வீட்டில், எரிவாயு கொண்டுவந்தவருக்காக.

மளிகைக்கடை மிமூன் "ஏய் ஹத்து" என்பதை விட்டு "ஷேக்" என்று கூப்பிட ஆரம்பித்தான். ஒலிவ மரம் ஒன்றுக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பி இருவர் அவரிடம் நியாயம் கேட்டு வந்தார்கள். ஹத்துவுக்குப் பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பேசாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அண்ணன் அழுதான், தம்பி கட்டிப்பிடித்துக்கொண்டான். போகும்போது இருவரும் ஹத்துவின் தோளில் முத்தமிட்டுப் போனார்கள். "நான் என்ன தீர்ப்பு சொன்னேன்?" என்று அவர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

மாறாமல் இருந்தது ஒரே ஆள், அவர் மனைவி இஜ்ஜா. "ஷேக்காம்ல ஷேக்கு. இந்தாய்யா, இந்தப் பார்லிய அரைச்சுட்டு வந்து ராஜ்யத்தை ஆளு."

இப்படி இருக்கும்போதுதான் கோடையில் எங்களுக்குப் புதுக் காயித் வந்தார். காயித் என்றால் எங்களுக்கு அரசாங்கம் என்ற விஷயத்தின் மூக்கு, வாய், கை எல்லாம் அவர்தான். இவர் பெயர் நவ்ஃபல். மீசை இன்னும் உறுதியாக ஒரு முடிவுக்கு வரவில்லை. சட்டை மடிப்பில் காய்கறி நறுக்கலாம். கறுப்புக் கண்ணாடியை மழை மேகத்திலும் கழற்ற மாட்டார். வயதானவர்களை வெயிலில் நிற்க வைத்துவிட்டு, உள்ளே குளிர்சாதனத்தின் கீழ் உட்கார்ந்து போன் பார்ப்பார்.

மாகாணத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் ஊரைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. காயித்துக்கு எங்கள் ஊரில் அசிங்கமாகத் தெரிந்தது கழுதைகள். "இது எந்த நூற்றாண்டு?" என்று கேட்டார். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை, கேள்வி கஷ்டமாக இருந்ததால். சந்தை நாளன்று, மலைக்கிராமத்து ஆட்கள் கழுதைகளைப் பாலத்தடியில் கட்டிவிட்டு உள்ளே போன நேரம் பார்த்து, எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டுபோய் நகராட்சிக் கொட்டடியில் பூட்டிவிட்டார்கள். உரிமம் இல்லாத மோட்டார் சைக்கிள்களைப் பூட்டி வைக்கிற இடம் அது. நான்கு பக்கமும் உயர்ந்த சுவர், கூரை இல்லை. சாவி காயித்தின் மேசை இழுப்பறையில். திங்கட்கிழமை ஏலம் என்று சுவரில் ஒட்டினார்கள்.

ஹத்துவின் கழுதையும் உள்ளே.

பெண்கள் சுவருக்கு மேலே புல்கட்டுகளை எறிந்தார்கள். புல்லை எறியலாம், தண்ணீரை எப்படி எறிவது? தோற்பையில் கட்டி எறிந்தார்கள். விழுந்து வெடித்துத் தரை குடித்தது. மறுநாள் மத்தியானம் உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கத்தல் என்று சொல்ல முடியாது. அப்போது பாலைவனத்திலிருந்து வீசிய தென்காற்றில் சுவரைத் தொட்டால் கை சுடும்.

ஹத்து கொட்டடி வாசலில் காவலுக்கு நின்ற ஸல்லாமிடம் போய், ஒரு வாளி தண்ணீரை நீட்டி, ஏதோ முனகினாராம். ஸல்லாம் ஸகோரா பக்கத்து ஆள், நல்லவர். "மன்னிச்சுக்குங்க ஷேக், உத்தரவு" என்றாராம். ஹத்து வாளியோடு திரும்பி வந்தார். இஜ்ஜா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"உத்தரவாம்."

"டிவில பாஷாவையே குனிய வெச்ச மனுஷன் இவரு. சொந்தக் கழுதைக்கு ஒரு வாய் தண்ணி காட்டத் துப்பில்ல." சொல்லிவிட்டு, அவள் உள்ளே போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்தக் கழுதை போனால் அந்த வீட்டில் அடுப்பும் போச்சு என்று அவளுக்குத் தெரியும்.

மிமூன் கடையில் கூட்டம் கூடியது. "ஷேக் போகட்டும். காயித் புது ஆளு. நம்ம ஷேக்கோட குரல் அவருக்குத் தெரியாது. வாயத் தொறக்காம நின்னாப் போதும். அந்த முகத்தைப் பாத்தா மந்திரிக்கே வயித்தக் கலக்கும்" என்றான் மிமூன்.

"யாராவது பேசணுமே?" என்றேன்.

"நீங்க பேசுங்க பேப்பர்காரரே. வாரா வாரம் எழுதிக் கிழிக்கிறீங்கள்ல? ஒரு தடவை வாயாலயும் கிழிங்க."

ஹத்து அழாக்குறையாக, "கேள்வி கேட்டா என்ன பண்றது?" என்றார்.

"மெல்லுங்க!" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் சொன்னோம்.

இஜ்ஜா அவருடைய நல்ல வெள்ளை அங்கியை எடுத்துக் கொடுத்தாள். முண்டாசை அவரே கட்டிக்கொண்டார். ஊரே பின்னால் வந்தது. காயித் அலுவலக வாசலில் வழக்கப்படி வெயிலில் நிறுத்தினார்கள். ஹத்து முண்டாசைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கதவு திறந்தது. அன்றைக்கு இங்கே காவலுக்கு மாற்றியிருந்த ஸல்லாம் தலையை நீட்டி, "நடிகரும் கூட ஒரு ஆளும் மட்டும்" என்றார்.

உள்ளே போனால், காயித் எழுந்து வந்தார்! கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். வாயெல்லாம் பல்.

"வாங்க பெரியவரே, வாங்க! எங்க அம்மா உங்க தொடர்னா சோறு தண்ணி வேணாம்னுடுவாங்க. ஒரு நிமிஷம், மெக்னஸ்ல இருக்காங்க, லைன்ல வராங்க." போனில் அதற்குள் ஒரு தடித்த அம்மா தெரிந்தாள், தலையில் துண்டு, கையில் தேநீர் டம்ளர். "அம்மா, யாரு பாரு!"

"யா ரப்பி! ஷேக் இதிரு!" என்று போன் அலறியது.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த சுத்த அரபு மொழியில், "மதிப்பிற்குரிய காயித் அவர்களே, கழுதைகள் விஷயமாக..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் திங்கட்கிழமை முடிஞ்சிடும்" என்று கையை ஆட்டினார். "இப்ப அந்தக் காட்சி செய்வோம். அந்த ரொட்டி. நான்தான் பாஷா. ஸல்லாம், போனைப் பிடி. பெரியவரே, நீங்க கீழ உட்காருங்க."

ஹத்து என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கோ பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்தார். ஸல்லாம் போனைத் தூக்கிப் பிடித்தார். காயித் மேசையிலிருந்த அளவுகோலைச் சவுக்காக எடுத்துக்கொண்டு ஹத்துவின் முன்னால் வந்து நின்றார். நன்றாகவே நடித்தார். அதிகம் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"எழுந்திருடா கிழவா! வந்திருக்கிறது யார் தெரியுமா?"

ஹத்து அண்ணாந்து பார்த்தார். வாயில் ரொட்டி இல்லை, மெல்லவும் இல்லை. ஜன்னல் வழியாகக் கொட்டடிப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது, உலர்ந்த, உடைந்த சத்தம். அவர் முகம் ஜன்னல் பக்கம் திரும்பி, மறுபடி காயித்திடம் வந்தது.

"சொல்லுங்க பெரியவரே," காயித் குரலைத் தாழ்த்தினார், "அந்தச் செருப்பு வசனம்..."

ஹத்து இரண்டு கைகளையும் உயர்த்தி முண்டாசைக் கழற்றினார். எங்கள் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளையின் வெறுந்தலையை மனைவியும் பிணம் கழுவுகிறவனும்தான் பார்ப்பார்கள். முகம் முழுக்கக் கரிய பாறை, அதற்கு மேலே வெயிலே படாத வெளுத்த மண்டை, பிறந்த குழந்தையின் தலை மாதிரி. அந்த முண்டாசைக் காயித்தின் பளபளக்கும் ஷூ முன்னால் வைத்தார். வைத்த வேகத்தில் அது அவிழ்ந்து, மேசைக்கால் வரை வெள்ளையாக ஓடியது.

இது தொடரில் இல்லை. இதை எழுதுகிற துணிச்சல் எந்தக் கதாசிரியருக்கும் வராது.

போன் பிடித்திருந்த ஸல்லாமின் கை கீழே இறங்கியது. "ஐயா, அசையாதீங்க. மிதிச்சிடாதீங்க."

"ஏன்? என்ன இது?"

"முண்டாசை எடுத்து உங்க காலடியில வெச்சுட்டாரு ஐயா. இனிமே அது உங்க தலைமேல. அவர் கேக்குறதக் குடுக்காம தாண்டிப் போனா அந்தப் பாவம் உங்களையும் விடாது, இந்தக் கூரைக்குக் கீழ நிக்கிற என்னையும் விடாது. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு ஐயா."

"நாடகம்தானே பண்ணிட்டிருந்தோம்?"

"நீங்க பண்ணினது நாடகம் ஐயா."

காயித்தின் கையில் அளவுகோல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. "என்னதான் வேணும் இவருக்கு?" என்று என்னிடம் கேட்டார். நான் சுத்த அரபு மொழியைத் திறந்தேன். ஹத்து என்னைப் பார்த்து லேசாகக் கை உயர்த்தினார். நான் மூடிக்கொண்டேன்.

"தண்ணி, ஐயா" என்றார் ஹத்து. அதே கெண்டிச் சீழ்க்கை. "கழுதைங்களுக்கு. நேத்துலேர்ந்து குடிக்கல. அதுங்களுக்கு அதிகாரி வரார்னு தெரியாது. எங்க கழுதைங்கள எங்ககிட்ட குடுத்துடுங்க."

காயித்தின் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஷேக் இதிரோட குரல் இதுதானா?" என்று என் பக்கமும் ஸல்லாம் பக்கமும் திரும்பினார். கூடச் சிரிக்க ஆள் தேடினார் என்று நினைக்கிறேன். கிடைக்கவில்லை. என் வாழ்நாளில் ஒரு நல்ல சிரிப்பை நான் தவறவிட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

"டேய் நவ்ஃபல்!"

போனை எல்லோரும் மறந்திருந்தோம். ஸல்லாம் பதறிப்போய் அதைத் தூக்கினார். அந்த அம்மாவின் கையில் இப்போது டம்ளர் இல்லை.

"அந்த முண்டாசை எடு."

"அம்மா, ஆபீஸ் விஷயம்..."

"எடுடா! உங்க தாத்தா வாசல்ல ஒருத்தன் இப்படித்தான் வெச்சான். அவர் பாக்காத மாதிரி தாண்டிப் போனாரு. அதுக்கப்புறம் அந்த வீட்ல என்னென்ன நடந்துதுன்னு உனக்கு நான் சொல்லல, நீ பயந்துடுவேன்னு. எடுத்து அவர் தலையில வை. உன் கையால."

காயித் அளவுகோலை மேசையில் வைத்தார். ஹத்து தரையில் உட்கார்ந்திருந்ததால் அவர் முழங்கால் போட வேண்டியிருந்தது. மடிப்புக் கலையாத அந்தக் கால்சட்டை தரையில் பட்டது. துணியை முழம் முழமாகச் சேர்த்து எடுத்தார். நகரத்துப் பிள்ளை, முண்டாசு கட்டத் தெரியாது. எந்த முனையில் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

"காதுக்கு மேல சுத்துடா. வாயைக் கட்டாத!" என்று மெக்னஸிலிருந்து உத்தரவு வந்துகொண்டிருந்தது.

ஹத்து தலையை அவர் கைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். காயித் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். அவர் நெற்றியிலிருந்து வேர்வை ஹத்துவின் தோளில் சொட்டியது. அந்த அறையில் குளிர்சாதனம் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. கட்டி முடித்தபோது காயித்தின் முகம் வெறும் ஒரு இளைஞனின் முகமாக இருந்தது; அவருக்கு என்ன வயதிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் யோசிக்கத் தோன்றியது. மெதுவாக ஹத்துவின் தோளில் முத்தமிட்டார். பிறகு இழுப்பறையைத் திறந்தார்.

அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் கழுதைகள் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று முடிவானது. எங்கள் அரசாங்கமும் ஏதாவது ஒன்றைத் தன் பங்குக்கு வைத்துக்கொள்ள வேண்டுமல்லவா. கொட்டடிக் கதவைக் காயித்தே வந்து திறந்தார். கழுதைகள் எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடின. அவை குடித்த சத்தம் தவிர வேறு சத்தம் அங்கே இல்லை. காயித்தும் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

முண்டாசைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கட்டியிருந்த லட்சணத்துக்கு மேற்கே ஒரு பொதி, கிழக்கே ஒரு வால். மிமூன் பக்கத்தில் வந்து, "ஷேக், நான் அவுத்துச் சரியாக் கட்டி விடட்டுமா?" என்றான்.

"தொடாத" என்றார் ஹத்து.

கழுதையோடு சந்தில் ஏறினார். தலை கொஞ்சம் சாய்ந்தாலும் அது அவிழ்ந்துவிடும். ஆகவே கழுத்தை நேராக நிறுத்தி, அடி மேல் அடி வைத்து, இடமும் வலமும் பார்க்காமல் நடந்தார். இரண்டு பக்கத்து வாசல்களிலும் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். சலாம் சொன்னவர்களுக்குக் கண்ணால்தான் பதில் சொல்ல முடிந்தது. எந்தத் தொடரிலும் எந்த ஷேக்கும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அவர் வீட்டு வாசல் நிலை தாழ்ந்தது; குனிந்துதான் நுழைய வேண்டும். இஜ்ஜா கதவைத் திறந்து அந்தத் தலையைப் பார்த்தாள்.

"என்ன கோலம்யா இது? யார் கட்டுனா?"

"காயித்."

அவள் கை அதைச் சரிசெய்ய உயர்ந்தது, பாதியில் நின்றது. "உள்ள வா."

"குனிஞ்சா விழுந்துடும்" என்றார்.

இஜ்ஜா நிலையைப் பார்த்தாள், அவர் தலையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், புதினா போட்ட தேநீரைத் தட்டில் வைத்து, இரண்டு கைகளாலும் ஏந்தி வெளியே கொண்டுவந்தாள்.